உறையூர்: வீடுகளுக்கு அடியில் ஒரு தலைநகரம்

உப்பிலியபுரத்தில் பஸ் ஏறி, துறையூர், திருவெள்ளறை, மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சிக்கு வருகிறவர்கள் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்குவார்கள். இறங்கியவுடன் கண்ணில் படுவது மலைக்கோட்டை. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு ஸ்ரீரங்கம் போவார்கள், நேரம் இருந்தால் கல்லணை. இவ்வளவுதான் திருச்சி சுற்றுலா. அதே சத்திரத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் சில நிமிடத்தில் போய்விடக்கூடிய உறையூருக்கு யாரும் "ஊர் பார்க்க" போவதில்லை. வெக்காளியம்மனைக் கும்பிடப் போவார்கள், கைத்தறிச் சேலை வாங்கப் போவார்கள், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவார்கள். ஒரு காலத்தில் சோழர்களின் தலைநகரம் அதுதான் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"முற்காலச் சோழர்களின் தலைநகரம் எது?" "உறையூர்." சரியான விடை, ஒரு மார்க். அதற்கு மேல்?

இந்தக் கட்டுரை அதற்கு மேல் உள்ளதைப் பற்றியது. உறையூரைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் தூரத்தில் இருந்து, அதாவது இத்தாலியில் இருந்து, தொடங்கினால் வசதியாக இருக்கும். ஏனென்றால் அங்கே எட்ருஸ்கர்கள் என்று ஒரு மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஊர்களுக்கு நடந்ததும் உறையூருக்கு நடந்ததும் கிட்டத்தட்ட நேர் எதிர்.

யார் இந்த எட்ருஸ்கர்கள்?

ரோமாபுரி ஒரு சாதாரண ஊராக இருந்த காலத்திலேயே அதற்கு வடக்கே பெரிய நகரங்களைக் கட்டி வாழ்ந்தவர்கள் எட்ருஸ்கர்கள். ஆர்னோ நதிக்கும் டைபர் நதிக்கும் இடைப்பட்ட பகுதி இவர்களுடைய நாடு. இன்றைக்கு அந்தப் பகுதியின் பெரும்பாகத்துக்கு டஸ்கனி என்று பெயர். அந்தப் பெயரே இவர்களிடம் இருந்து வந்ததுதான். ரோமை ஆண்ட கடைசி அரசர்களில் சிலர் எட்ருஸ்க வம்சத்தினர் என்று ரோமானிய வரலாறே சொல்கிறது.

எட்ருஸ்கர்களுக்கு ஒரே பேரரசு இருந்ததில்லை. தனித்தனி நகர அரசுகள். பன்னிரண்டு நகரங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு இருந்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. தார்க்வினியா, செர்வெத்தெரி, வெயி, வுல்சி, வொல்தெர்ரா, பெருஜா, அரெஸ்ஸோ, இன்று ஓர்வியெத்தோ என்று அழைக்கப்படும் வொல்சினி ஆகியவை முக்கியமானவை. ரோம் வளர வளர இவை ஒவ்வொன்றாக விழுந்தன. கி.மு. 396-இல் வெயி விழுந்தது. கி.மு. 264-இல் வொல்சினி அழிக்கப்பட்டு அதன் மக்கள் வேறு இடத்தில் குடியேற்றப்பட்டார்கள். கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி எட்ருஸ்க மொழி பேசுகிறவர்களே அரிதாகிப் போனார்கள். ரோமானியப் பேரரசர் கிளாடியஸ் எட்ருஸ்கர்களின் வரலாற்றை இருபது தொகுதிகளாக எழுதினார். அதில் ஒரு தொகுதிகூட இன்று இல்லை.

அப்படியானால் எட்ருஸ்கர்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? கல்லறைகள் மூலமாகத்தான்!

எட்ருஸ்கர்கள் வாழ்ந்த வீடுகள் மரத்தாலும் மண்கல்லாலும் ஆனவை. அவை போய்விட்டன. ஆனால் இறந்தவர்களுக்கு அவர்கள் பாறையைக் குடைந்து வீடு கட்டினார்கள். செர்வெத்தெரியில் உள்ள கல்லறைப் பகுதி ஒரு ஊரைப் போலவே இருக்கும். தெருக்கள் உண்டு. கல்லறைக்குள் அறைகள், தூண்கள், கூரை உத்தரம்கூட கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கல்லறையின் சுவர்களில் பானை, கத்தி, கயிறு என்று வீட்டுச் சாமான்களை எல்லாம் சுதையில் செய்து வைத்திருக்கிறார்கள். தார்க்வினியாவில் சுமார் 6,000 கல்லறைகள். அவற்றில் ஏறத்தாழ 200 கல்லறைகளில் வண்ண ஓவியங்கள் உள்ளன. விருந்து, நடனம், மீன்பிடித்தல், பறவை வேட்டை என்று வாழ்க்கை முழுவதும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. இந்த இரண்டு ஊர்களின் கல்லறைப் பகுதிகளும் 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

ஆனால் மொழி? எட்ருஸ்க மொழியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளும் எழுத்துப் பொறிப்புகளும் கிடைத்துள்ளன. எழுத்து கிரேக்கத்தில் இருந்து வந்தது என்பதால் வாய்விட்டுப் படிக்க முடியும். பொருள் முழுதாகப் புரியாது. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை வெறும் பெயர்கள். இருப்பதிலேயே நீளமான எட்ருஸ்க நூல் எது தெரியுமா? எகிப்தில் ஒரு மம்மியின் உடலைச் சுற்றிய துணி! யாரோ ஒரு எட்ருஸ்கப் புத்தகத் துணியைக் கிழித்து மம்மிக்குச் சுற்றியிருக்கிறார்கள். இன்று அது குரோஷியாவின் ஸாக்ரெப் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் சுமார் 1,200 சொற்களை அடையாளம் காண முடிகிறது. அவர்களுடைய பாடல் ஒன்றுகூட, கதை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதாவது எட்ருஸ்கர்களுக்கு இடம் மிஞ்சியது, பேச்சு மிஞ்சவில்லை.

உறையூருக்கு நடந்தது தலைகீழ்

உறையூரில் பார்க்க எதுவும் இல்லை. கோட்டை இல்லை, அகழி இல்லை, அரண்மனை இல்லை. இருக்கும் கோயில் கட்டடங்கள் எல்லாம் பின்னால் வந்தவை. ஆனால் அந்த ஊரைப் பற்றிய பேச்சு மட்டும் ஏராளம்.

சங்க நூல்களில் உறையூர், உறந்தை, கோழி என்று மூன்று பெயர்கள் வருகின்றன. கோழி என்று ஏன் பெயர் வந்தது? ஒரு சேவல் யானையை எதிர்த்து விரட்டியதாம். அந்த மண்ணின் வீரத்தைப் பார்த்து அங்கேயே தலைநகரம் அமைத்தார்களாம். கதைதான், ஆனாலும் ஊர்க்காரர்களுக்குப் பிடித்த கதை. சிலப்பதிகாரத்திலும் இந்தக் கதை வருகிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்குப் போகும் வழியில் உறையூரைக் கடந்துதான் போகிறார்கள்.

இந்த ஊரை நலங்கிள்ளி முற்றுகையிட்டான், உள்ளே நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடந்தான். இருவருமே சோழர்கள், இருவர் மாலையும் ஆத்தி மாலை. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று கோவூர்கிழார் என்ற புலவர் இருவரையும் பார்த்துச் சொன்னார். அந்தப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இங்கே இருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் தன் மகன்களோடு ஏற்பட்ட பகையால் வடக்கிருந்து உயிர்விட்டான். அவனை நேரில் பார்த்தே இராத பாண்டிநாட்டுப் பிசிராந்தையார் தேடி வந்து பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார். நட்புக்கு இலக்கணமாகத் தமிழாசிரியர்கள் சொல்லும் முதல் கதை இது.

இதைவிட முக்கியமான ஒரு விஷயம் உண்டு. சங்கப் புலவர்களின் பெயர்ப் பட்டியலில் உறையூரை ஊர்ப்பெயராகக் கொண்டவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். உறையூர் மருத்துவன் தாமோதரனார். உறையூர் இளம்பொன் வாணிகனார். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். உறையூர் முதுகண்ணன் சாத்தனார். உறையூர் முதுகூத்தனார். ஒருவர் மருத்துவர், ஒருவர் பொன் வியாபாரி, ஒருவர் ஏணிச்சேரி என்ற பகுதியில் குடியிருந்தவர். அரசர் பெயர் மட்டும் மிஞ்சிய ஊர்கள் உலகில் நிறைய உண்டு. ஊரில் இருந்த டாக்டர் பெயரும் நகை வியாபாரி பெயரும் ஒரு தெருவின் பெயரும் 1,800 ஆண்டுகளுக்குப் பிறகும் தெரிகிறது என்றால், அதுவும் அவர்கள் எழுதிய பாட்டோடு சேர்த்துத் தெரிகிறது என்றால், அது சாதாரண விஷயம் இல்லை. எட்ருஸ்க ஆராய்ச்சியாளர்கள் இப்படி ஒரு பட்டியலுக்கு எதையும் கொடுப்பார்கள்.

ஆக, உறையூருக்குப் பேச்சு மிஞ்சியது. இடம்?

உறையூர்த் துணி

பாட்டில் இருப்பது எல்லாம் கற்பனை என்று சொல்கிறவர்கள் எப்போதும் உண்டு. அதனால் தமிழ் தெரியாத ஒரு வெளியாளின் சாட்சியும் தேவை. அது கிடைத்திருக்கிறது.

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் ஒரு கையேடு எழுதினார். எரித்ரையக் கடல் பெரிப்ளூஸ் என்பது அதன் பெயர். எந்தத் துறைமுகத்தில் என்ன கிடைக்கும், எதை விற்கலாம் என்ற வியாபாரக் குறிப்பு அது. அதில் கடற்கரையில் இருந்து உள்ளே தள்ளி "அர்கரு" என்று ஒரு ஊர் வருகிறது. அங்கே முத்து விற்பனை நடக்கிறது, அங்கிருந்து மெல்லிய பருத்தித் துணி ஏற்றுமதி ஆகிறது, அந்தத் துணிக்கே ஊர்ப்பெயரை வைத்துத்தான் பெயர் என்கிறது அந்தக் கையேடு. இந்த அர்கரு உறையூர்தான் என்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அடுத்த நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலவியல் நூலில் "ஒர்த்தூரா" என்று ஒரு அரசத் தலைநகரம் வருகிறது. அதையும் உறையூர் என்றே கொள்கிறார்கள்.

அந்தக் காலத்து ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோமப் பேரரசில் இருந்து உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பியிருக்கிறார். அந்தப் பணம் வந்த பல வழிகளில் ஒரு வழி உறையூர்த் தறி.

இனி மண்ணுக்கு வருவோம். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை உறையூரில் அகழாய்வு செய்தது. அப்போது துறைக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் டி.வி.மகாலிங்கம். பின்னர் பேராசிரியர் கே.வி.ராமன் அந்த அகழாய்வின் அறிக்கையை எழுதினார், அது 1988-இல் வெளிவந்தது. கிடைத்தவை: கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், உட்புறத்தில் வட்ட வட்டமாகச் சிறு புள்ளிக் கோலம் போட்ட ரௌலட்டட் வகை ஓடுகள், தமிழி எழுத்து கீறிய ஓடுகள். கூடவே செங்கல்லால் கட்டிய ஒரு தொட்டி. அதைத் துணிக்குச் சாயம் போடும் தொட்டி என்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள்.

கிரேக்க வணிகர் எழுதியது துணி. மண்ணுக்குள் கிடைத்தது சாயத்தொட்டி. இன்றைக்கும் உறையூர் என்றால் திருச்சிக்காரர்கள் சொல்வது கைத்தறிச் சேலை. தறிகளின் எண்ணிக்கை முன்பு போல் இல்லை என்றாலும் பெயர் போகவில்லை. நடுவில் வெள்ளைக்காரர்கள் காலத்தில் உறையூர் சுருட்டும் சேர்ந்துகொண்டது. ஷெர்லாக் ஹோம்ஸ் தன்னுடைய முதல் கதையிலேயே, அதாவது 1887-இல், கொலை நடந்த இடத்தில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிக்கிறார். வெளிநாட்டுக்காரர்களுக்கு உறையூரின் அரசர்களைத் தெரியாது. உறையூர்க்காரர்களின் கைவேலையை இரண்டு முறை தெரிந்திருக்கிறது!

எட்ருஸ்க ஊரில் இருந்து ஒரு தட்டு

இங்கே ஒரு வேடிக்கையான தொடர்பு இருக்கிறது. எட்ருஸ்கர்களின் பன்னிரண்டு நகரங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் அரெஸ்ஸோ, ரோமானியர் கைக்குப் போன பிறகு ஒரு பெரிய பீங்கான் பட்டறை ஊர் போல ஆகிவிட்டது. பளபளப்பான சிவப்பு நிறத்தில் தட்டும் கிண்ணமும் அங்கே செய்தார்கள். அடியில் குயவர் தன் பெயரை முத்திரையாகக் குத்துவார். ஊர்ப்பெயரால் அவற்றுக்கு அரெட்டைன் வகை என்று பெயர்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனார். அங்கே புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய மதுச்சாடி ஓடு ஒன்றைப் பார்த்துத் திகைத்துப் போனார். உடனே புதுச்சேரி போனார். அங்கே அரெட்டைன் ஓடுகளும் இருந்தன. 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டினார். அரெட்டைன் ஓடுகள் எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டவை என்பது இத்தாலியில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலில் அது ஒரு பெரிய திருப்பம். ரௌலட்டட் ஓட்டையும் மத்தியதரைக் கடலில் இருந்து வந்தது என்றே வீலர் நினைத்தார். பின்னால் நடந்த ஆய்வுகள் அது இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்று காட்டின. உறையூரில் கிடைத்த ரௌலட்டட் ஓடுகளுக்குக் காலம் சொல்லும் வழியும் இப்படித்தான் திறந்தது.

கவனியுங்கள். ஒரு எட்ருஸ்க ஊரின் உடைந்த தட்டு, தமிழ்நாட்டின் பழைய ஊர்களுக்குப் பிறந்த தேதி சொல்ல உதவியிருக்கிறது. யாரோ சாப்பிடும்போது கைதவறிப் போட்டு உடைத்த தட்டு!

எதிர்த்திசையிலும் ஓடு போயிருக்கிறது. எகிப்தில் செங்கடல் கரையில் உள்ள குவாசிர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் சாதன் என்றும் ஒன்றில் கணன் என்றும் பெயர்கள். இன்னொன்றில் பானை வைக்கும் உறியைக் குறிக்கும் சொல். உறையூர்ப் புலவர் பெயரில் வரும் சாத்தன் என்ற அதே பெயர்தான் அங்கே கடல் தாண்டி ஒரு பானையில் கிடக்கிறது. அவர் எந்த ஊர்க்காரர் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தமிழ் படித்த எவரும் அந்தப் பெயரைப் படித்தவுடன் புரிந்துகொள்வார். எட்ருஸ்கப் பானைகளிலும் இப்படித்தான் பெயர் எழுதுவார்கள். "நான் இன்னாருடையவன்" என்று பானையே பேசுவது போல எழுதும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. பாவம், அந்தப் பானை பேசுவதைக் கேட்டு அதே மொழியில் பதில் சொல்ல இன்று ஒருவரும் இல்லை.

ஊர் எப்படி மறைந்தது?

உறையூர் மறைந்ததற்கு ஊரில் சொல்லும் காரணம் மண்மாரி. தாயுமானவருக்குச் சாத்துவதற்காகச் சாரமா முனிவர் செவ்வந்தித் தோட்டம் போட்டிருந்தார். அந்தப் பூ திருடு போனது, போவது அரசனிடம். முனிவர் அரசனிடமே முறையிட்டும் நியாயம் கிடைக்கவில்லை. இறைவன் கோபம் கொண்டு உறையூர் இருக்கும் மேற்குத் திசைக்குத் திரும்பி நின்றார், மண்மழை பெய்து ஊர் மூடிப்போனது. மக்கள் ஓடிப்போய் வெக்காளியம்மனைச் சரண் அடைந்தார்கள். வீடு இழந்த மக்கள் எல்லாருக்கும் வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் வெட்டவெளியில் இருந்துவிட்டாள். இன்றும் அந்தச் சன்னதிக்கு மேற்கூரை கிடையாது.

வரலாறு சொல்லும் காரணம் இவ்வளவு சுவையானது அல்ல. சங்க காலத்துக்குப் பிறகு சோழர்களின் பலம் குறைந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் மகேந்திரவர்மன் திருச்சி மலையில் குகைக்கோயில் குடைந்தான். உறையூருக்கு எதிரே இருக்கும் மலையில் காஞ்சிக்காரனின் கல்வெட்டு! 674-இல் சாளுக்கிய அரசன் முதலாம் விக்கிரமாதித்தன் காவிரியின் தென்கரையில் உரகபுரம் என்ற இடத்தில் படையோடு தங்கியிருந்தபோது செப்பேடு கொடுத்தான். அந்த உரகபுரமும் உறையூர்தான் என்று கொள்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் விஜயாலயன் சோழர் ஆட்சியை மீண்டும் எழுப்பியபோது தலைநகரம் தஞ்சாவூர் ஆகிவிட்டது. உறையூர் பழம்பெருமையாக மட்டும் நின்றது. ஆந்திரப் பகுதியில் ஆண்ட தெலுங்குச் சோழர்கள், உறையூரைப் பார்த்தார்களோ இல்லையோ, "உறையூர்த் தலைவன்" என்ற பொருளில் பட்டம் மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

கடைசி அடி பதின்மூன்றாம் நூற்றாண்டில் விழுந்தது. 1216-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின் மேல் படையெடுத்து, தஞ்சையையும் உறந்தையையும் தீக்கு இரையாக்கியதாக அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையாகச் சொல்கிறது. அந்தப் படையெடுப்பில் அவன் இடிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று. பட்டினப்பாலை பாடியதற்காகக் கரிகாலன் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கொடுத்த பதினாறு கால் மண்டபம்.

இந்தச் செய்தி எங்கே இருக்கிறது தெரியுமா? திருவெள்ளறைக் கோயில் கல்வெட்டில். உப்பிலியபுரத்தில் இருந்து திருச்சிக்கு வருகிற பஸ் தினமும் கடந்து போகிற அதே திருவெள்ளறை. அந்த மண்டபமும் இன்று இல்லை. மண்டபத்தை விட்டுவைத்தான் என்று சொல்லும் பாட்டு மட்டும் கல்லில் இருக்கிறது. இங்கேயும் இடம் போய்ப் பேச்சுதான் மிஞ்சியது.

இன்னும் மிச்சம் இருப்பது

எல்லாம் போய்விட்டது என்று சொல்வதும் தவறு. பங்குனி மாதம் ஸ்ரீரங்கத்தில் இருந்து நம்பெருமாள் உறையூருக்கு வந்து ஒருநாள் தங்குகிறார். கமலவல்லி நாச்சியார் உறையூர்ச் சோழன் மகள் என்பது நம்பிக்கை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அன்றைக்குத்தான் சேர்த்தி சேவை. உறையூரை ஒட்டிய காவிரி மணற்சோலையில் நடக்கும் பங்குனி விழாவை அகநானூறும் குறிப்பிடுகிறது. இரண்டும் ஒரே விழாவா என்று அறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். மாதமும் மாறவில்லை, ஆறும் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. திருப்பாணாழ்வாரும் இந்த ஊர்க்காரர்தான். பஞ்சவர்ணேசுவரர் கோயில் தேவாரம் பெற்ற மூக்கீச்சரம். இவை எல்லாம் பேச்சு வழியாக, வழிபாடு வழியாக மிஞ்சியவை.

ஆனால் மண் வழியாக மிஞ்சியிருக்கக்கூடியது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அதுதான் கவலை.

மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழடி தென்னந்தோப்பாக இருந்தது. அதனால்தான் 2015-இல் இருந்து அங்கே விரிவாகத் தோண்ட முடிந்தது, 2023-இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. உறையூர் அப்படி அல்ல. அது மக்கள் நெருக்கமாக வாழும் ஊர். ஒரு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். பாதாள சாக்கடைக்குப் பள்ளம் வெட்டுகிறார்கள். போர்வெல் போடுகிறார்கள். வெளியே வரும் மண்ணை லாரியில் ஏற்றி எங்கோ ஒரு பள்ளத்தை நிரப்புகிறார்கள். அந்த மண்ணில் ஒரு ஓடு கிடந்தால் யார் பார்ப்பார்கள்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தங்கக் காசு கிடைத்தால் எப்படியும் ஊருக்கே தெரிந்துவிடும். பானை ஓட்டுக்கு யார் பத்து ரூபாய் மதிப்புப் போடுவார்கள்? ஆனால் சாத்தன் என்ற பெயர் ஓட்டில்தான் இருக்கும், தங்கத்தில் இருக்காது.

இத்தாலியில் என்ன செய்தார்கள்?

அவர்களும் ஒழுங்கானவர்கள் அல்ல. எட்ருஸ்கக் கல்லறைகளைக் கொள்ளையடிப்பது அங்கே ஒரு தொழிலாகவே இருந்தது. 1971-இல் செர்வெத்தெரி கல்லறை ஒன்றில் இருந்து திருடப்பட்ட ஒரு கிரேக்கக் கலயத்தை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அடுத்த ஆண்டு பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. அதைத் திருப்பி வாங்க இத்தாலிக்கு 2008 வரை ஆயிற்று. சிலைத் திருட்டுக்குப் பெயர்போன நமக்கு இது புதிய கதை இல்லை.

ஆனால் நல்ல பாடங்களும் அங்கே உண்டு. 1950-களில் கார்லோ லெரிச்சி என்ற பொறியாளர் தார்க்வினியாவில் ஒரு புதுமை செய்தார். கல்லறையைத் தோண்டவில்லை. மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தார். பிறகு சிறு துளை போட்டு, விளக்கும் கேமராவும் பொருத்திய பெரிஸ்கோப்பை உள்ளே இறக்கி ஓவியம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தால் மட்டுமே தோண்டுவது. ஒலிம்பிக் விளையாட்டுக் கல்லறை என்று அழைக்கப்படும் ஓவியக் கல்லறை 1958-இல் இப்படித்தான் வெளிப்பட்டது.

ஓர்வியெத்தோ இன்னும் நெருக்கமான உதாரணம். உறையூர் போலவே பழைய நகரத்தின் மேலேயே இன்றைய நகரம் உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் பாறையில் குடைந்த 1,200-க்கும் மேற்பட்ட குகைகளும் கிணறுகளும் உள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இன்று வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம். மேலே மனிதர்கள் வாழ்கிறார்கள், கீழே பழைய ஊர் இருக்கிறது, இரண்டுக்கும் சண்டை இல்லை. பெருஜாவில் எட்ருஸ்கர் கட்டிய நகர வாசல் வழியாக இன்றும் ஜனங்கள் போய் வருகிறார்கள்.

ஊரைக் காலி செய்து தோண்ட வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. உறையூர்க்காரர்கள் வீடு கட்டக் கூடாது என்றும் சொல்ல முடியாது. இத்தனை நூற்றாண்டுகள் அந்த ஊரை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் ஆழமாகப் பள்ளம் தோண்டும்போது ஒருநாள், ஒரே ஒருநாள், ஓடு பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே நிற்கலாம். திருச்சியில் வரலாறு சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகள் பல உள்ளன. எம்.ஏ. மாணவர்கள் ஓட்டைப் பார்க்கத் தஞ்சாவூருக்கோ கீழடிக்கோ பஸ் பிடிக்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில், எத்தனை அடியில், என்ன கிடைத்தது என்று குறித்துவைத்தால் போதும். பத்து ஆண்டில் உறையூரின் வரைபடம் தானே உருவாகிவிடும். ஏணிச்சேரி எங்கே இருந்தது என்றுகூட ஒருநாள் தெரியலாம்.

முடிவாக...

எட்ருஸ்கர்களுக்கு இடம் மிஞ்சியது, அதை இத்தாலி காப்பாற்றுகிறது. இழந்த மொழியை அவர்களால் திரும்பக் கொண்டுவர முடியாது. நமக்கு மொழி மிஞ்சியது. அதைக் காப்பாற்ற நாம் தனியாக எதுவும் செய்யவில்லை, நம் முன்னோர் ஏட்டில் எழுதிவைத்தார்கள், உ.வே.சா. போன்றவர்கள் தேடி எடுத்து அச்சில் போட்டார்கள். நம்மிடம் விடப்பட்டது மண் ஒன்றுதான்.

எல்லாருக்கும் வீடு கிடைக்கும்வரை கூரை வேண்டாம் என்று வெக்காளியம்மன் காத்திருக்கிறாள் என்கிறது கதை. உறையூரில் இன்று தெருவெல்லாம் வீடுகள். அந்த வீடுகளுக்கு அடியில் ஒரு மருத்துவர் வீடும் ஒரு பொன் வியாபாரி கடையும் ஒரு சாயத்தொட்டியும் இருந்திருக்கின்றன. அடுத்த முறை உறையூரில் எங்காவது அஸ்திவாரத்துக்குத் தோண்டிப் போட்ட மண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஓட்டில் ஏதாவது கீறல் இருக்கலாம். அது தமிழாகத்தான் இருக்கும். படிக்க நமக்குத் தெரியும்.